சந்திரபாபு: இயக்குநர் நாற்காலிக்குப் போன வழியும் அங்கே நடந்ததும்

நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே.பி. சந்திரபாபு இயக்குநராக ஏன் ஒரே படத்தோடு நின்றுபோனார், அவரை எம்.ஜி.ஆர்.தான் அழித்தாரா என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வரியில் பதில் கிடைக்கும்: ‘படம் எடுக்கப் போனார், நாயகனின் கால்ஷீட் (படப்பிடிப்புக்கு ஒதுக்கும் தேதி) கிடைக்கவில்லை, வீடு போனது, குடித்தே செத்தார்.’ இதில் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நான்கையும் ஒரே நூலில் கோத்தால் நடந்தது மறைந்துவிடுகிறது. முக்கியமாக, படம் இயக்க வந்தபோது அவர் அந்த வேலைக்குப் புதியவரே அல்ல என்பது மறைந்துவிடுகிறது.

முதலில் ஆள் யார் என்பது. 1927-ல் தூத்துக்குடியில் பரதவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரொட்ரிகஸ். தூத்துக்குடியின் பனிமய மாதா கோயில் தெரிந்தவர்களுக்கு நடுப்பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை. தந்தை சுதந்திரப் போராட்டக்காரர், ‘சுதந்திர வீரன்’ என்ற பத்திரிகை நடத்தியவர். சத்தியாகிரகத்தில் கைதாகி, பத்திரிகையும் பறிபோன பிறகு குடும்பம் இலங்கைக்குப் போனது. சந்திரபாபு படித்தது கொழும்பில். 1943-ல் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறினார்கள். தந்தை ‘தினமணி’யில் வேலைக்குச் சேர்ந்தார்.

இந்தக் கொழும்புக் காலத்தைப் பலரும் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது. அவருடைய பாட்டு, ஆட்டம், ஆங்கிலம், யாரையும் ‘மிஸ்டர்’ என்று கூப்பிடும் பழக்கம் எல்லாம் அங்கே ஊறியவை. அன்றைய தமிழ் சினிமாவுக்கு ஆட்கள் வந்தது சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் நாடகக் கம்பெனிகளிலிருந்து. அங்கே சிறுவயதிலேயே வாத்தியாருக்கு அடங்கி நடக்கவும், மூத்தவரை ‘அண்ணே’ என்று கூப்பிடவும், உட்காரச் சொன்னால்தான் உட்காரவும் பழகியிருப்பார்கள். என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லோரும் அந்தப் பள்ளியில் வந்தவர்கள். சந்திரபாபு அந்தப் படி ஏறாதவர். பின்னால் ‘தலைக்கனம்’ என்று சொல்லப்பட்டதில் பாதி இந்த வளர்ப்பு வித்தியாசம்தான். மீதிப் பாதி உண்மையான வாய்த்துடுக்கு. அதை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பி.எஸ். ராமையா இயக்கிய ‘தன அமராவதி’யில் (1947) முதலில் தலைகாட்டினார். அதற்குப் பிறகு ஐந்து வருடம் உருப்படியாக எதுவும் அமையவில்லை. 1952-ல் ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனைச் சந்திக்க முடியாத விரக்தியில் ஜெமினி ஸ்டூடியோவிலேயே தற்கொலைக்கு முயன்றார். பிழைத்துக்கொண்டார், அன்றைய சட்டப்படி அது குற்றம் என்பதால் கைதானார். நீதிமன்றத்தில் நடித்துக் காட்டச் சொன்னபோது ஷேக்ஸ்பியர் வசனம் பேசினார் என்பார்கள். அதே ஆண்டு ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் வாய்ப்புக் கிடைத்தது. அவரைச் சுற்றி எழுந்த முதல் சர்ச்சை இது. ஊர் இதைக் கிறுக்குத்தனம் என்று பதிவு செய்துகொண்டது. பின்னாளில் அவர் எதைச் செய்தாலும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்தது.

அதே 1952-ல் ‘சின்னதுரை’ படத்தில் யோடலிங் பாடினார். இது என்ன வித்தை என்று புரிந்துகொண்டால் அவரை ஏன் ‘பாடத் தெரியாதவர்’ என்று முதலில் ஒதுக்கினார்கள் என்பதும் விளங்கும். மனிதக் குரலில் நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரல் ஒன்று, அதற்கு மேலே மெலிந்த பொய்க்குரல் ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில் குரல் உடையும். நம் சங்கீதத்தில் பயின்றவர் அந்த உடைப்பு தெரியாமல் இழைத்து மறைப்பார். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குக் கமகத்தால் வழுக்கிப் போவார். யோடலிங் நேர் எதிர். உடையும் இடத்தைத் தேடிப் போய், வேண்டுமென்றே திரும்பத் திரும்ப உடைத்துக் காட்டுவது அது. ஆகவே இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் அவர் பாடிக் காட்டியபோது, அங்கே உதவியாளராக இருந்த எம்.எஸ். விஸ்வநாதன் ‘இவருக்குப் பாட வரவில்லை’ என்று சொன்னதில் ஆச்சரியமில்லை. அந்தக் கதையைப் பின்னாளில் சொன்னவர் எம்.எஸ்.வி.யேதான். அவரே ‘புதையல்’ (1957) படத்தின் ‘உனக்காக எல்லாம் உனக்காக’வில் தொடங்கி சந்திரபாபுவுக்கு வரிசையாகப் பாட்டுக் கொடுத்தார், கடைசி நாள் வரை நண்பராகவும் இருந்தார். தாளத்தை உடம்பால் வாங்கிப் பாடுகிற குரல் அது. ‘பம்பரக் கண்ணாலே’ (‘மணமகன் தேவை’, 1957) கேட்டுப் பாருங்கள். சொற்கள் வாயிலிருந்து வருவதைவிடக் காலிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

அவர் பாட்டை அவரே பாடினார் என்பது சாதாரணத் தகவல் போலத் தோன்றும். படப்பிடிப்புக் கணக்கில் அது பெரிய விஷயம். இன்னொருவர் பாடிய பாட்டுக்கு வாயசைக்கும் நடிகர், மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். உடம்பு ஒரு அரைக்கணம் பின்தங்கும். சந்திரபாபு பாடும்போதே எந்த அடியில் விழப்போகிறோம், எந்த இடத்தில் திரும்பப்போகிறோம் என்று தீர்மானித்துவிடலாம். ஒலிப்பதிவு அறையிலேயே ஷாட் பிரித்துவிடலாம். எஸ். பாலசந்தருக்காக ‘பெண்’ (1954) படத்தில் பாடிய ‘கல்யாணம்’ பாட்டிலேகூட அந்தக் குரலுக்குள் அசைவு இருக்கிறது. நடிப்பவர் அதைப் பின்தொடர்ந்தால் போதும்.

அடுத்த படி ‘சபாஷ் மீனா’ (1958). பி.ஆர். பந்துலு எடுத்த படம், நாயகன் சிவாஜி. சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவன், கைரிக்‌ஷா இழுக்கிறவன் ஒருவன். இரண்டையும் ஒப்பனையால் பிரிக்கவில்லை. நடையை மாற்றினார், பேச்சின் வேகத்தை மாற்றினார், ரிக்‌ஷாக்காரனுக்குச் சுத்தமான மெட்ராஸ் பாஷை பேசினார். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் காதால் கேட்டுக் கற்ற பாஷை அது. இந்தியில் ‘தில் தேரா தீவானா’வாக (1962) அந்தப் படம் போனபோது இந்த வேடத்தைச் செய்தவர் மெஹ்மூத்.

அவரை இயக்குநராக்கிய இடம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் ‘சகோதரி’யைச் (1959) சொல்ல வேண்டும். ஏவி.எம். தயாரிப்பு, பீம்சிங் இயக்கம். படம் முடிந்து போட்டுப் பார்த்தபோது கனமாக, இறுக்கமாக இருந்தது. சந்திரபாபுவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு லட்ச ரூபாய் கேட்டார் என்றும், ஏவி.மெய்யப்பன் சம்மதித்தார் என்றும் சொல்வார்கள். கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஓடும் ஒரு பால்காரன் பாத்திரத்தை அவர் உருவாக்கினார். ‘நான் ஒரு முட்டாளுங்க’ அதற்கான பாட்டு.

முடிந்த படத்தில் தனி நகைச்சுவை ட்ராக் செருகுவது அன்றைக்கு வழக்கம்தான். ஆனால் அது சுலபமான வேலை அல்ல. ஏற்கனவே எடுத்த காட்சிகளை மாற்ற முடியாது. முக்கிய நடிகர்களின் தேதி மறுபடி கிடைப்பது அரிது. ஆகவே அவர்கள் இல்லாமல், இருக்கிற செட்டுக்கு ஒத்துப்போகிற மாதிரி காட்சி யோசிக்க வேண்டும். எந்த ரீலில் கனம் கூடுகிறது என்று பார்த்து அதற்கு அடுத்த மூச்சில் சிரிப்பை வைக்க வேண்டும். ஒரு ரீல் தள்ளி வைத்தால் அழுகையும் கெடும், சிரிப்பும் கெடும். படம் முழுதையும் மனதில் ஓட்டி, எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று தீர்மானிப்பவர் செய்கிற வேலை இயக்குநருடையது. டைட்டிலில் அந்தப் பெயர் போடுவதில்லை, அவ்வளவுதான். ஆகவே ‘நடிகனுக்கு எதற்கு இயக்கம்’ என்று அப்போது எழுந்த ஏளனம் பொருந்தாதது. தன் பகுதிகளை அவர் அதற்கு முன்பே இயக்கிக்கொண்டுதான் இருந்தார்.

வீழ்ச்சிக்கு வருவோம். எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிப் பாதியில் நின்ற ‘மாடி வீட்டு ஏழை’யிலிருந்து அதைத் தொடங்குவது தவறு. அதற்கு முன்னால் ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) இருக்கிறது. கண்ணதாசன் தயாரிப்பு, கே. சங்கர் இயக்கம், சந்திரபாபு நாயகன். படப்பிடிப்புக்கு நாயகன் ஒழுங்காக வராததால் பட்ட அவதியையும் ஏற்பட்ட கடனையும் கண்ணதாசனே எழுதியிருக்கிறார். எம்.ஜி.ஆர். கால்ஷீட் விஷயத்தில் சந்திரபாபுவுக்காக உருகுகிறவர்கள் இந்தப் படத்தைப் பேசுவதே இல்லை. கால்ஷீட் தவறினால் தயாரிப்பாளர் என்ன ஆவார் என்பதைத் தன் கவிஞர் நண்பருக்குச் செய்து காட்டியவர் அவர்தான். அந்தப் படத்திலிருந்து வந்ததுதான் ‘பிறக்கும்போதும் அழுகின்றாய்’. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசைத்து, சந்திரபாபு பாடிய மிகச் சிறந்த பாட்டு. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் இதைப் பாடி, அவர் ரசித்த உற்சாகத்தில் போய் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று அடிக்கடி சொல்லப்படும் சம்பவமும் இந்தப் பாட்டைச் சேர்ந்தது.

அதன் பிறகு, 1960-களின் முதல் பாதியில், எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து ‘மாடி வீட்டு ஏழை’யைத் தொடங்கினார். (1981-ல் சிவாஜி நடித்து இதே பெயரில் வந்த படம் வேறு. இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள்.) படம் சில நாள் படப்பிடிப்போடு நின்றது. தேதி கேட்டுப் போன இடத்தில் எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்கரபாணியோடு வாக்குவாதம் முற்றியது என்பது சந்திரபாபு தரப்பில் சொல்லப்பட்டு வந்த கதை. யார் முதலில் குரலை உயர்த்தினார்கள் என்று இன்றைக்குத் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. ஒரு சில தேதிகள் கிடைக்காமல் போனதற்காக ஒருவர் வீட்டையே ஏன் இழக்க வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பதில் அன்றைய கோடம்பாக்கத்தின் பணம் ஓடிய முறையில் இருக்கிறது.

அன்றைக்குச் சொந்தப் பணத்தில் முழுப்படம் எடுத்தவர்கள் ஸ்டூடியோ வைத்திருந்த நாலைந்து முதலாளிகள்தான். மற்றவர்கள் செய்தது இது. பெரிய நாயகனுக்கு அட்வான்ஸ் கொடுத்துப் பூஜை போடுவார்கள். பூஜையன்றே அந்த நாயகன் பெயரைக் காட்டி ஏரியா, அதாவது பகுதிவாரியாகப் படத்தை வெளியிடும் உரிமையை, விற்பார்கள்: செங்கல்பட்டு–ஆற்காடு ஒருவருக்கு, மதுரை–ராமநாதபுரம் ஒருவருக்கு, திருச்சி–தஞ்சாவூர், கோவை, சேலம், திருநெல்வேலி என்று. விநியோகஸ்தர் முழுப்பணத்தையும் கொடுத்துவிட மாட்டார். ஒப்பந்தத்தில் கொஞ்சம், படப்பிடிப்பு வளர வளரத் தவணையாகக் கொஞ்சம், வெளியீட்டுக்குப் படப்பெட்டி எடுக்கும்போது மீதி. தவணைக்கும் தவணைக்கும் நடுவே விழும் பள்ளத்தை நிரப்புபவர் பைனான்சியர். அவருக்கு மாத வட்டி, ஈடாகப் படத்தின் நெகடிவ் உரிமை. அது போதாதென்று பட்டால் தயாரிப்பாளரின் சொத்துப் பத்திரம்.

இந்த ஏற்பாட்டில் எல்லாக் கண்ணியும் நாயகனின் தேதியில் தொங்குகிறது. தேதி தள்ளினால் காட்சி வளராது. காட்சி வளராவிட்டால் விநியோகஸ்தர் அடுத்த தவணை தர மாட்டார். ஆனால் வட்டி நிற்காது. போட்ட செட்டைப் பிரிக்காமல் வைத்தால் ஃப்ளோர் வாடகை ஏறும், பிரித்தால் போட்ட காசு போகும். மற்ற நடிகர்கள் ஒதுக்கிய தேதியும் வீணாகி, அவர்களை மறுபடி ஒன்றுசேர்க்க மாதங்கள் ஆகும். எடுத்த நெகடிவ் லேபில் கிடக்கும். லேப் பாக்கியைத் தீர்க்காமல் அதைத் தொடவும் முடியாது. நடுவில் நாயகனை மாற்றலாமா என்றால், ஏரியா வாங்கியவர்கள் வாங்கியதே அந்த நாயகனுக்காகத்தான். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பாதியில் நின்ற படத்தால் ஒரு பைசாகூடத் திரும்பாது. தோற்றுப்போன படமாவது டூரிங் டாக்கீஸில் ஓடிக் கொஞ்சம் மீட்டுத் தரும்.

ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு இந்த அடி தாங்கும்; ஒரு படம் நின்றால் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒரே படம் போட்ட தனி ஆளுக்கு அந்தத் தடுப்பு கிடையாது. சந்திரபாபு கேசவபெருமாள்புரத்தில் கார் நேராக முதல் மாடிக்கே ஏறிப் போகிற மாதிரி ஒரு வீடு கட்டியிருந்தார். மெட்ராஸே பேசிய வீடு. அது கடனுக்குப் போயிற்று. எம்.ஜி.ஆர். தரப்பில் எவ்வளவு குற்றம் இருந்ததாக வைத்துக்கொண்டாலும், தான் வசிக்கும் வீட்டை இன்னொருவரின் நாட்குறிப்பில் அடகு வைத்த முடிவு சந்திரபாபுவினுடையது. அந்த நாயகனோடு அவர் அதற்கு முன்பே உரசல் வளர்த்திருந்தார் என்பதும் சேர்ந்தால், அந்த ஏற்பாடு ஆரம்பத்திலேயே ஆபத்தானது. முன்னணி நாயகர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பேட்டிகளில் அவர்களை வெளிப்படையாக விமர்சிப்பது, செட்டில் சக நடிகரின் நடிப்பைத் திருத்துவது இவையெல்லாம் நகைச்சுவை நடிகராக இருந்தவரை சகித்துக்கொள்ளப்பட்டன. தயாரிப்பாளர் ஆன அன்றே அவர் மற்றவர்களின் தயவில் நிற்கும் ஆள் ஆகிவிட்டார். அந்த மாற்றத்துக்கு அவர் பேச்சு மாறவில்லை.

ஆனாலும் ‘எம்.ஜி.ஆர். அவரைத் தொழிலைவிட்டே விரட்டினார்’ என்பது நிற்காது. ‘பறக்கும் பாவை’ (1966), ‘அடிமைப் பெண்’ (1969) இரண்டிலும் எம்.ஜி.ஆர். படத்திலேயே நடித்திருக்கிறார், இரண்டாவது எம்.ஜி.ஆரின் சொந்தத் தயாரிப்பு.

அவர் இயக்கி வெளிவந்த படம் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966). பெயர் மத்தேயு நற்செய்தி வரி. நாயகன் அவரே, நாயகி சாவித்திரி, இசை டி.கே. ராமமூர்த்தி. இசையமைப்பாளர் பெயரைக் கவனிக்க வேண்டும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணை 1965-ல் பிரிந்துவிட்டது. தன் குரலைப் பல வருடமாக வடிவமைத்த இணை இல்லாமல், அதில் ஒரு பாதியோடு அவர் முதல் படத்தைச் செய்தார். ‘கண்மணி பாப்பா’ நல்ல பாட்டு. படம் ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்பதற்கு என் மதிப்பீடு இது. பதினைந்து வருடமாக ஜனங்கள் சந்திரபாபுவிடம் கேட்டது பத்து நிமிடப் பகுதிகள். அவர் வருவார், குதிப்பார், பாடுவார், போவார். கதையின் சுமையை வேறொருவர் தூக்குவார். இரண்டரை மணி நேரமும் அவரே சுமக்கும்போது, அதுவும் துயரத்தைச் சுமக்கும்போது, சிரிக்க வந்த கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ‘புத்தியுள்ள மனிதரெல்லாம் வெற்றி காண்பதில்லை’ (‘அன்னை’, 1962) மாதிரிப் பாட்டுகளில் அவருடைய சோகத்தை அவர்கள் மனதார ஏற்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் மூன்றரை நிமிடச் சோகம் வேறு. இன்னொரு காரணம், விளம்பரத்துக்கும் பிரிண்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கக் கையில் எதுவும் மிஞ்சாத நேரத்தில் வந்த படம் அது. 1966-ல் முன்னணி நாயகர் படங்களோடு தியேட்டருக்குப் போட்டி போட, படம் நன்றாக இருப்பது மட்டும் போதாது. அதே சாவித்திரி ‘பிராப்தம்’ (1971) படத்தைத் தானே தயாரித்து இயக்கி, அதுவும் சிவாஜியை நாயகனாக வைத்தும், பணத்தை இழந்தார். அவரை யாரும் வாய்த்துடுக்கு என்று சொன்னதில்லை. சொந்தச் சொத்தைப் பணயம் வைத்து ஒற்றைப் படம் எடுப்பதே அடிப்படை ஆபத்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1958-ல் நடந்த திருமணம் சீக்கிரமே முறிந்திருந்தது. மனைவியின் மனதில் வேறொருவர் இருப்பது தெரிந்ததும் அவரே வழிவிட்டு அனுப்பினார். குடியும், அதோடு சேர்ந்து பெத்தடின் என்ற வலி மருந்துப் பழக்கமும் உடம்பைத் தின்றன. சிறு வேடங்கள் வந்தன. ‘ராஜா’ (1972) படத்தில் அவரைப் பார்க்கிறவர்கள் அந்தத் துள்ளல் உடம்பு எங்கே போயிற்று என்று தேடுவார்கள். 1974 மார்ச் 8-ல் இறந்தபோது வயது 46. அடக்க ஏற்பாடுகளை முன்னின்று செய்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். சாந்தோம் பக்கத்துக் கல்லறையில் இருக்கிறார்.

அவரை இயக்குநராகப் பார்க்க விரும்புகிறவர்கள் 1966 படத்திலிருந்து தொடங்க வேண்டாம். ‘சகோதரி’யில் பால்காரன் வரும் காட்சிகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய காட்சி என்ன என்று குறித்துக்கொண்டு பாருங்கள், இடைவெளிக் கணக்கு தெரியும். பிறகு ‘சபாஷ் மீனா’வில் இரண்டு வேடங்களும் மாறி மாறி வரும் இடங்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நடையை வைத்தே யார் என்று சொல்லிவிடலாம். அதன் பிறகு ‘குங்குமப் பூவே’ (‘மரகதம்’, 1959), ‘ஒண்ணுமே புரியலே உலகத்திலே’ (‘குமாரராஜா’, 1961), ‘பொறந்தாலும் ஆம்பளையா பொறக்கக்கூடாது’ (‘போலீஸ்காரன் மகள்’, 1962), ‘சிரிப்பு வருது’ (‘ஆண்டவன் கட்டளை’, 1964) இவற்றைப் படம் வந்த வரிசையிலேயே பாருங்கள். ஐந்தாறு வருடத்துக்குள் முகம் எப்படிக் கனக்கிறது என்பது தெரியும். ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ அதற்குப் பின்னால் பார்க்க வேண்டிய படம். அப்போதுதான் அவர் அதில் எதைச் சொல்ல வந்தார் என்பது பிடிபடும்.